எலிசபெத் ஒயிட் அம்மையார்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கீழைக் கடற்கரையில் உள்ளது நியூஜெர்சி மாநிலம். அதன் தென்பகுதியில் பைன் மரங்கள் அடர்ந்த மணற்காடு பரந்து கிடக்கின்றது. பிற பயிர்கள் எளிதில் விளையாத அமில மண் அது. அங்கே புளூபெரிச் செடிகள் தாமே செழித்து வளர்ந்தன. அவற்றின் கருநீலக் கனிகளைக் கோடையில் மக்கள் பறித்து விற்பர். அவற்றைத் தோட்டப் பயிராக்க இயலாது என்பதே பலருடைய எண்ணமாக இருந்தது.

அப்பகுதியில் 1871ஆம் ஆண்டு பிறந்தவர் எலிசபெத் கோல்மன் ஒயிட். கிரான்பெரி பயிரிட்டுப் பெயர் பெற்ற ஜோசஃப் ஒயிட்டின் மூத்த மகளாகிய அவர், பள்ளிப் படிப்பை முடித்தபின் ஒயிட்ஸ்பாக் பண்ணையில் தந்தையாருக்குத் துணையாய் உழைத்தார்.

அரசின் வேளாண்மைத் துறையில் தாவர இயல் அறிஞராக விளங்கிய ஃபிரெடரிக் கோவில் என்பவர், புளூபெரிக்கு அமில மண்ணே உயிர் என்பதை ஆராய்ந்து கண்டு, 1910இல் வெளியிட்டார். மறு ஆண்டு அதனைப் படித்த அம்மையார், நிலமும் ஆளும் தாம் தருவதாகவும், ஆராய்ச்சியை அவர் ஒயிட்ஸ்பாக்கிலே நடத்த வேண்டுமெனவும் எழுதினார். அறிஞரும் இசைந்தார்.

காட்டை நன்கறிந்தவர்கள் அவ்வூர் மக்களே. அம்மையார் அவர்களிடம் துளையிட்ட அளவுகோலைக் கொடுத்தார். துளையின் குறுக்களவு 5/8 அங்குலம். அதில் நுழையாத பெருங்கனி தரும் செடியைக் காட்டுவோர்க்குப் பணம் உண்டு. செடிக்குக் கண்டவர் பெயரே சூட்டப்படும். ரூப் லீக் என்பவர் ஒரு சிறந்த செடியைக் கண்டார். லீக் என்பது வெங்காய இனத்தைச் சேர்ந்த ஒரு பூண்டின் பெயர். ரூப் என்பதும் பழத்திற்கு அழகாகத் தோன்றவில்லை. ஆதலால் இரண்டையும் இணைத்து ரூபெல் என்றனர்!

இனித்தான் அரிய வேலை தொடங்கியது. விதையிட்டால் முளைப்பவை தாயைப் போல் அமைவதில்லை. ஆகவே தாய்ச்செடியைப் பெயர்த்து வந்து, பிரித்தும் வெட்டியும் பெருக்க வேண்டும். முருங்கைப் போத்து நட்ட இடத்தில் தழைக்கும். புளூபெரியோ அத்துணை எளிதில் வேர்விடாது. வேர்விடத் தூண்டும் மருந்துகளும் அக்காலத்தில் இல்லை. இலையுதிர்ந்த குளிர்காலத்தில், சென்ற பருவத்துக் கிளையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஈரமான மணலும் மக்கிய கரிமண்ணும் கலந்த பாத்தியில் நடுவர். வேனிலில் துண்டு துளிர்க்கும். பார்ப்பவர் பிழைத்துவிட்டது என்று மகிழ்வர். ஆனால் அது தண்டில் சேமித்த உணவால் விரிந்த தளிரே. கீழே வேர் இராது. ஈரம் சிறிது குறைந்தாலும் வாடிவிடும். காட்டிலே தேடிப் பிடித்த செடி இவ்வாறு மடிந்துபோனால் அதனை மீண்டும் பெற வழியே இல்லை.

அம்மையார் மனந்தளரவில்லை. நட்டவற்றுள் சிறந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஏனையவற்றைக் கழித்தார். 1916இல் ஒயிட்ஸ்பாக்கின் முதல் விளைச்சல் சந்தைக்குச் சென்றது. 1927இல் புளூபெரி விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் தோன்றவும் அவர் துணைபுரிந்தார்.

திருமணம் செய்துகொள்ளாத அவர், தம் வயல்களுக்கு நடுவே கட்டிய இல்லத்தில் வாழ்ந்து, 1954இல் மறைந்தார். ரூபெல் இன்றும் பயிரிடப்படுகின்றது. போத்து வழியாகவே பெருகியதால், அவ்வகைச் செடி ஒவ்வொன்றும் ரூப் லீக் காட்டில் கண்ட அந்த ஒரே செடியின் கிளையாகும்.