மலர்ச்சாலை கண்ட கிரும்பீகல்

மாசி, பங்குனித் திங்களில் பெங்களூர் வீதிகளில் நடப்போர் ஓர் அரிய காட்சியைக் காண்பர். இலையுதிர்ந்து நின்ற மரங்கள் திடீரென ஊதா நிறப் பூங்கொத்துகளால் மூடப்பெற்று விளங்கும். உதிர்ந்த மலர்கள் தரையையும் அந்நிறமாக்கும். தென் அமெரிக்காவைத் தாயகமாக உடைய ஜகரண்டா மரம் அது. புளியிலையினும் நுண்ணிய அதன் இலைகள் பூத்த பின்னரே மிகுதியாகத் தழைக்கும். அம்மரத்தை அந்நகரில் பரவச் செய்தவருள் தலையாயவர் குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பீகல் என்னும் ஜெர்மானியர் ஆவார்.

இவர் 1865ஆம் ஆண்டு டிரெஸ்டன் நகருக்கு அருகில் பிறந்தார். இளமையிலேயே தோட்டக்கலை பயின்று, இங்கிலாந்து சென்று கியூ பூங்காவில் பணி புரிந்தார். 1893இல் பரோடா மன்னரின் தோட்டங்களைப் பேண இந்தியா வந்தார். 1908இல் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரை அழைத்து லால்பாக் பூங்காவை ஒப்படைத்தார்.

புதுக்கோட்டையின் நேரிய வீதிகளை வகுத்த திவான் சேஷையா சாஸ்திரியாரின் புகழைக் கேட்டு வளர்ந்தவன் யான். நகர் அமைப்பு என்றால் வீதியும் குளமுமே என் நினைவுக்கு வரும். கிரும்பீகலோ மாதங்களையும் சேர்த்து எண்ணினார். ஒரு மரம் பூத்து ஓய்கையில் மற்றொன்று பூக்கத் தொடங்குமாறு மரங்களைத் தேர்ந்து சாலைகளில் நடுவித்தார். ஜகரண்டாவின் ஊதா மங்கும் வேளையில் செம்மயிற்கொன்றை தீப்போல் மலரும். நம் நாட்டுப் பூமருதும் கோடையில் தன் இளம் ஊதா மலர்களை விரிக்கும். நட்ட கன்று பூப்பதற்குப் பல்லாண்டு செல்லும் என்பதை அவர் நன்கறிவார். ஆயினும் சோர்வின்றி நட்டார்.

1932இல் பணி ஓய்வு பெற்ற பின்னரும் அவர் தாயகம் திரும்பவில்லை. இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஜெர்மானியர் என்னும் ஒரே காரணத்தால் ஆங்கில அரசு அம்முதியவரைக் காவலில் வைத்தது. அவர் நட்ட மரங்கள் வெளியே பூத்துக்கொண்டிருந்தன. அவரோ பகைநாட்டவராகக் கருதப்பட்டார். அவர் மனம் எவ்வாறு வருந்தியிருக்கும்! எனினும் விடுதலை பெற்றதும் வெறுப்புற்று வெளியேறினாரல்லர். பெங்களூரிலேயே வாழ்ந்து, 1956இல் அங்கேயே மறைந்தார்.

பிற்காலத்தில் சாலைகளை அகலப்படுத்த முதுமரங்கள் பல வெட்டுண்டன. எஞ்சியவை இன்றும் மாசியில் பூக்கின்றன. லால்பாக்கை அடுத்த சாலை ஒன்று கிரும்பீகல் பெயரால் வழங்குகின்றது.