கைப்பிடியைச் சுற்றினால் உறுமும் புலி... திப்பு சுல்தான் இப்படி ஒரு பொம்மை வைத்திருந்தது ஏன்?

கரடி பொம்மையைக் கவிழ்த்து நிமிர்த்தினால் வயிற்றிலிருந்து ஒரு உறுமல் வருமே, கவனித்திருக்கிறீர்களா? கையால் தைக்கும் பொம்மைகளில் பஞ்சுக்கு நடுவே ஒரு சின்ன உருளையை வைத்துத் தைப்பார்கள். உள்ளே குட்டித் துருத்தி, கூடவே ஒரு எடை. பொம்மை சாயும்போது எடை துருத்தியை அமுக்கும். காற்று ஒரு மெல்லிய நாக்கை அதிர வைத்துக்கொண்டு வெளியே வரும். கிட்டத்தட்ட நாதஸ்வரத்துச் சீவாளி மாதிரிதான். பேட்டரி எல்லாம் தேவையே இல்லை.

கரடி பொம்மை உலகத்துக்கு வந்ததே 1902-03ல்தான். அதற்கு நூறு வருஷம் முன்னாடியே இதே காற்று வித்தையை ஒரு மரப்புலிக்குள் வைத்திருந்தார் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான். சிவகாசி ராக்கெட் கொளுத்தும் நமக்கு அவரோடு இன்னொரு தொடர்பும் இருக்கு. அது கொஞ்சம் கழித்து.

ஆற்காடு தந்த பெயர்

திப்பு பிறந்தது பெங்களூரு பக்கத்தில் உள்ள தேவனஹள்ளியில். பெயர் மட்டும் தமிழ்நாட்டில் இருந்து போனது. ஆற்காட்டில் தர்கா உள்ள திப்பு மஸ்தான் அவுலியாவின் நினைவாக வைத்த பெயர் அது. அப்பா ஹைதர் அலி 1755ல் திண்டுக்கல்லின் படைத் தலைவராக வந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் உதவியோடு அங்கே ஆயுதச் சாலையும் வைத்தார். 1782 டிசம்பரில் ஹைதர் இறந்ததும் ஆட்சி திப்பு கைக்கு வந்தது.

இரும்புக் குழாய் ராக்கெட்

சிவகாசி ராக்கெட்டில் மருந்தை அடைப்பது காகிதக் குழாயில். மைசூர் படை அடைத்தது இரும்புக் குழாயில். இரும்பு அதிக அழுத்தம் தாங்கும், அதனால் ராக்கெட் அதிக தூரம் பாயும். வாலுக்கு மூங்கில், சிலதில் வாள். (சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் வளர்ந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். திப்புவிடமிருந்து நேராக வந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.)

1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படையை மைசூர் படை சுற்றி வளைத்தது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, ஆட்டம் முடிஞ்சது. வண்டிகளைக் கொளுத்தியது ராக்கெட்தான் என்று சொல்பவர்கள் உண்டு. பெய்லியைக் காப்பாற்ற முடியாமல், பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு சென்னைக்குத் திரும்பினார் தளபதி ஹெக்டர் மன்றோ. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1792ல் என்ன நடந்தது?

அந்த வருஷம் திப்பு தோற்றார். காரன்வாலிஸ் போட்ட ஒப்பந்தப்படி பாதி ராஜ்ஜியம் போனது, திண்டுக்கல் சீமையும் அதில் சேர்த்தி. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம் வேறு. பணம் கட்டி முடிக்கும்வரை அவருடைய இரண்டு மகன்கள் பிணைக்கைதிகள். இரண்டு பேரும் சின்னப் பையன்கள். இருவரும் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டு, 1794ல்தான் அப்பாவிடம் திரும்பினார்கள்.

அதே 1792 டிசம்பரில், கங்கை கடலில் கலக்கும் இடத்தில் உள்ள சாகர் தீவில் ஒரு ஆங்கிலேய இளைஞனைப் புலி அடித்துக் கொன்றது. அவன் ஹெக்டர் மன்றோவின் மகன்! இந்தச் செய்திதான் பொம்மைக்குக் காரணம் என்பது பரவலான கருத்து. அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். சிம்மாசனம், படைவீரர் உடை என எல்லாவற்றிலும் புலியையோ புலிக்கோட்டையோ வைத்தவர் திப்பு. அவருக்குப் புலி பொம்மை செய்ய ஒரு சாவுச் செய்தி தேவைப்பட்டிருக்காதுதான். ஆனாலும் சொந்தப் பிள்ளைகளைப் பறிகொடுத்து நின்ற அப்பா அந்தச் செய்தியைக் கேட்டிருந்தால் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

புலிக்குள் என்ன இருக்கு?

பொம்மை ஐந்தரை அடி நீளம். மல்லாந்து கிடக்கும் ஐரோப்பியன் மேல் புலி ஏறி நிற்கும், பல் அவன் கழுத்தில். கைப்பிடியைச் சுற்றினால் துருத்தி காற்றை அவன் தொண்டையில் உள்ள குழாய்க்குத் தள்ளும். வாய் வழியாக ஓலம் வரும். இடது கை ஏறி இறங்கும், அதற்கேற்ப ஓலமும் ஏறி இறங்கும். புலியின் தலைக்குள் தனியாக ஒரு குழாய் இரண்டு சுருதியில் உறுமும். விலாவில் ஒரு மூடி. திறந்தால் யானைத் தந்தக் கட்டைகளோடு ஒரு குட்டி ஆர்கன். பாட்டே வாசிக்கலாம்.

இதில் பிரெஞ்சுக் கைவினைஞர்களின் பங்கும் இருக்கலாம். 1788ல் பதினாறாம் லூயி மன்னரிடம் தூதர்களை அனுப்பித் தொழில் தெரிந்தவர்களைக் கேட்டவர் திப்பு. இப்படிப் புதுமை தேடியவரின் படைதான் குடகிலும் மலபாரிலும் ஆயிரக்கணக்கானவர்களைச் சிறைபிடித்து மதம் மாற்றியது. அங்கே அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

லண்டனில் புலி, வேலூரில் குடும்பம்

1799 மே 4. ஸ்ரீரங்கப்பட்டினம் கோட்டை விழுந்தது, திப்பு சண்டையிலேயே இறந்தார். கைப்பற்றிய ராக்கெட்டுகளில் சில இங்கிலாந்துக்குப் போக, அவற்றைப் பார்த்து வில்லியம் காங்கிரீவ் உருவாக்கிய ராக்கெட் 1807ல் கோபன்ஹேகன் மேல் பாய்ந்தது. அரண்மனை இசை அறையில் கிடைத்த புலியும் கப்பலேறியது. 1808 முதல் கிழக்கிந்தியக் கம்பெனி தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி உறும வைக்க, பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பெரிய தொல்லை. கடைசியில் கைப்பிடியே காணாமல் போச்சு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் கூரை விழுந்து புலி நூற்றுக்கணக்கான துண்டுகளானது, ஒட்டிச் சேர்த்தார்கள். இப்போது லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

திப்புவின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் அடைத்தார்கள். 1806 ஜூலையில் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து புலிக்கொடியை ஏற்றினார்கள். ஒரே நாளில் அது அடக்கப்பட்டது. அதன் பிறகு திப்புவின் மகன்களை மைசூருக்கு அருகிலேயே வைத்திருக்க ஆங்கிலேயர்களுக்குத் தைரியம் வரவில்லை. எல்லாரையும் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.