நோயாளிகளுக்கு ஆசிரியர்: டாக்டர் எலியட் ஜாஸ்லின்

மருத்துவத்திற்கு உறுப்புக்கள் நான்கு எனத் திருவள்ளுவனார் வகுத்துள்ளார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தாலன்றி மருத்துவம் நிறைவு பெறாது என்பது அப்பெரியார் கருத்து. எனினும், உலகம் மருத்துவனையும் மருந்தையும் போற்றும் அளவுக்கு ஏனை இரண்டையும் போற்றுவதில்லை. புதுமருந்து கண்டவர் புகழ் நாடெங்கும் பரவுகின்றது. அம்மருந்தை அளவறிந்து கொள்ளுமாறு நோயாளிக்குப் பொறுமையுடன் கற்பித்த தாதியின் பெயரோ மறைந்தொழிகின்றது. அங்ஙனம் மறக்கப்பட்ட இரண்டு உறுப்புக்களையும் தம் வாழ்நாள் முழுதும் பேணி வளர்த்த ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம். அவர்தாம் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் மாநகரில் நீரிழிவு நோய்க்கு மருத்துவம் புரிந்த டாக்டர் எலியட் புராக்டர் ஜாஸ்லின் என்பவர்.

இவர் 1869ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆம் நாள், மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில் ஆக்ஸ்போர்டு என்னும் சிற்றூரிற் பிறந்தார். இங்கிலாந்தில் உள்ள புகழ்பெற்ற பல்கலைக் கழக நகர் வேறு. இஃது அதன் பெயரைத் தாங்கிய வேறோர் ஊர். ஜாஸ்லின் யேல் கல்லூரியில் 1890ஆம் ஆண்டு பட்டம் பெற்று, பின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1895ஆம் ஆண்டு மருத்துவரானார். மாணவராய் இருந்தபொழுதே, 1893ஆம் ஆண்டில், நீரிழிவால் வாடிய இளம்பெண் ஒருத்தியின் நிலையை ஆராய்ந்து குறித்து வைத்தார். அக்குறிப்பே பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் வரலாற்றைத் தன்னகத்தே கொண்ட பேரேட்டின் முதற்பக்கம் ஆயிற்று. 1898ஆம் ஆண்டு முதல் பாஸ்டனில் தனியே மருத்துவத் தொழில் நடத்தலானார். சின்னாட்களில் அவரைப் பெற்ற அன்னையாரும் அந்நோய்க்கே இலக்கானார். மைந்தர் தாமே உணவை வகுத்து, அளந்து, கண்காணித்து வந்தமையால், அவ்வம்மையார் பத்தாண்டுகளுக்கு மேலாக உயிர் வாழ்ந்தனர். அக்காலத்து அஃது அரிய செய்தியே ஆகும். அதனால், ஜாஸ்லினுக்கு இந்நோய் ஏட்டிற் கண்ட பொருளாக மட்டும் இருக்கவில்லை; தம் இல்லத்து உணவு மேசையில் நாள்தோறும் கண்ட துன்பமாகவும் இருந்தது.

நீரிழிவின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். நாம் உண்ணும் உணவினின்று தோன்றும் சருக்கரை உடலுக்குப் பயன்பட வேண்டுமாயின், கணையம் என்னும் உறுப்பு சுரக்கும் இன்சுலின் இன்றியமையாதது. அது குறைந்தாலோ, அற்றாலோ, தன் வேலையைச் செய்யாதொழிந்தாலோ, சருக்கரை குருதியில் மிகுந்து சிறுநீரின் வழியே வெளியேறுகின்றது. இன்சுலின் அறவே அற்றவர் உண்ட உணவு உடலில் ஒட்டாது மெலிகின்றார். காய்ச்சல் வந்தவன் மருத்துவன் கொடுத்த மருந்தை உண்டு படுத்திருந்தாற் போதும். சில நாளில் நோய் நீங்கும். நீரிழிவோ அத்தகையதன்று. அது வாழ்நாள் முழுதும் உடன் வருவது. உண்ணும் ஒவ்வொரு கவளமும், நடக்கும் ஒவ்வோர் அடியும் அதனைக் கூட்டவோ குறைக்கவோ வல்லன. மருத்துவனைக் காண்பது திங்களுக்கு ஒருமுறை. எஞ்சிய நாளெல்லாம் நோயாளி தானே தனக்கு மருத்துவன். கல்லாத மருத்துவன் பிறரைக் கெடுப்பான். கல்லாத நீரிழிவாளன் தன்னையே கெடுத்துக்கொள்வான். ஜாஸ்லின் கண்டுகொண்ட உண்மை இதுவே.

இன்சுலின் தோன்றுமுன் இருந்த காலம் கொடியது. 1914ஆம் ஆண்டையொட்டி, பிரெடெரிக் ஆலன் என்பார், உணவை மிகக் குறைத்துப் பட்டினியால் உயிரை நீட்டிக்கும் முறையைக் கண்டார். வேறு வழியின்மையால் ஜாஸ்லினும் அதனைக் கைக்கொண்டார். பசித்து அழும் குழந்தைக்கு உணவை மறுக்குமாறு தாய்க்குக் கூறும் கடமை அவருக்கு வாய்த்தது. அப்பட்டினியால் சில திங்களோ சில ஆண்டோ கிட்டின, நோய் தீரவில்லை. இக்கொடிய காலத்திலுங்கூட அவர் நோயாளிகளை அறியாமையில் வைத்திருக்க ஒருப்படவில்லை. தாம் கண்ட முதல் ஆயிரம் நோயாளிகளின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு 1916ஆம் ஆண்டு மருத்துவர்க்கென ஒரு பெருநூல் வெளியிட்டார். இரண்டாண்டு கழித்து, 1918இல், சிறு கைந்நூல் ஒன்றை எழுதினார். அது மருத்துவரும் நோயாளியும் ஒருங்கே பயன்படுத்துதற்குரியது என்பதனை அதன் தலைப்பிலேயே பொறித்தார். ஒரே நூலை இருவர் கையிலும் கொடுத்தல் அந்நாளில் புதுமையே.

1921, 1922ஆம் ஆண்டுகளில் கானடா நாட்டு டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட், மக்லியாடு, காலிப் ஆகியோரின் முயற்சியால் இன்சுலின் கிடைத்தது. அம்மருந்தை ஜாஸ்லின் முதன்முதலாக 1922ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் ஒருவருக்குச் செலுத்தினார். அவர் யார்? நோயாளிகளுக்குப் பணிசெய்து வந்த தாதி ஒருவரே. ஐந்தாண்டு நோயாலும் பட்டினியாலும் நலிந்து, ஏறத்தாழ 70 ராத்தல் எடையே உடையவராய், வீட்டை விட்டு வெளிவரவும் வலியற்றுக் கிடந்தவர் அவர். ஊசி மருந்து ஏற ஏறப் படிப்படியாக உடல் தேறி மீண்டும் நடமாடலானார். பிறர்க்குப் பணிவிடை செய்த ஒருவர்க்கே அப்புதுமருந்து முதலிற் பயன்பட்டது எண்ணுந்தோறும் நெஞ்சை உருக்குவதாகும்.

மருந்து கிடைத்தது, இனித் துன்பம் ஒழிந்தது என உலகம் மகிழ்ந்தது. ஜாஸ்லினோ, பணி இப்பொழுதுதான் தொடங்குகின்றது என உணர்ந்தார். இன்சுலின் வாய்வழி உண்ணும் மருந்தன்று. நாள்தோறும் ஊசியால் ஏற்றுதற்குரியது. ஊசியைக் கொதிநீரிலிட்டுத் தூய்மை செய்தல் வேண்டும். குப்பியின் வீரியம் அறிந்து அளவிடல் வேண்டும்; ஏனெனில் அந்நாளில் பல வீரியங்களில் அம்மருந்து விற்கப்பட்டது. உணவைத் தராசிலிட்டு நிறுத்தல் வேண்டும். நீலநிறக் கரைசலிற் சிறுநீரைச் சேர்த்துச் சூடேற்றி, நிறம் பச்சையாயிற்றா, மஞ்சளாயிற்றா, செங்கல் நிறமாயிற்றா என நோக்கல் வேண்டும். மருந்து மிகுந்தால் வியர்வையும் நடுக்கமும் தோன்றி மயக்கம் வரும். அப்பொழுது உடனே சருக்கரை உண்ணல் வேண்டும். இவையனைத்தையும் ஒரு குடியானவனுக்கோ, கல்வியறிவில்லாத மூதாட்டிக்கோ, எட்டு வயதுச் சிறுவனுக்கோ கற்பிப்பவர் யார்? மருத்துவனுக்கு அவ்வளவு பொழுது இல்லை. பொழுது இருப்பினும் பலருக்குக் கற்பிக்கும் திறன் இல்லை.

இக்குறையை நிரப்ப ஜாஸ்லின் தாதியரை ஆசிரியராக்கினார். அவர்களுக்கு நீரிழிவின் நுட்பங்களைத் தனியே பயிற்றி, மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வகுப்பு நடத்துமாறு செய்தார். அவருள் சிலர் ஊரூராகச் சென்று நோயாளியின் வீட்டிலேயே சின்னாள் தங்கி, அவ்வீட்டு அடுப்படியிலேயே உணவு அளக்கக் கற்பித்து மீண்டனர். அலைந்து திரியும் தாதியர் என்பது அவர்க்கு வழங்கிய பெயர். மருத்துவமனையில் நன்கு தேறிய நோயாளி வீடு திரும்பியதும் தளர்ந்துபோவது ஏன் என்பதனை அவ்வீட்டினுள் நுழைந்து கண்டவர் அவரே. வறுமையையும், உறவினரின் அறியாமையையும், தனித்திருப்போர் மனச்சோர்வையும் அவர் நேரிற் கண்டனர்.

எனினும், பிறர்க்குத் துணைநிற்போர்க்கும் துணை வேண்டுமன்றோ? தனியே பணிபுரியும் தாதி தன் ஐயத்தை யாரிடம் கேட்பாள்? தான் அரும்பாடுபட்டுப் பயிற்றிய குழந்தை இறந்தால் யாரிடம் சென்று ஆறுவாள்? இவ்விடத்தேதான் ஜாஸ்லினின் பெருமை விளங்குகின்றது. அவர் தம் தொழிலைத் தனியாட்சியாக வைத்துக்கொள்ளவில்லை. கிறித்தவத் திருத்தொண்டு மகளிரால் தொடங்கப்பெற்ற நியூ இங்கிலாந்து டீக்கனஸ் மருத்துவமனையில், 1934ஆம் ஆண்டு ஜார்ஜ் பேக்கர் நிலையம் திறக்கப்பெற்றது. அங்கே மருத்துவரும், அறுவை வல்லுநரும், தாதியரும், உணவு வகுப்போரும், பாதங்களைப் பேணுவோரும் ஒரு குடும்பமாய் இயங்கினர். 1924ஆம் ஆண்டில் அவருடன் சேர்ந்த டாக்டர் பிரிசில்லா ஒயிட் அம்மையார், நீரிழிவுற்ற குழந்தைகளையும் தாய்மாரையும் காக்கும் துறையில் உலகப் புகழ் எய்தினார். ஹோவர்டு ரூட், அலெக்சாந்தர் மார்பிள் முதலியோரும் உடன் உழைத்தனர். காலிற் புண்கண்ட நோயாளியை அறுவை வல்லுநர் காத்தார். மீண்டும் புண் வாராமல் பாதத்தை நாள்தோறும் கழுவித் துடைத்து நோக்கும் வழக்கத்தைத் தாதி கற்பித்தாள். ஒருவர் கை விட்டதை மற்றொருவர் கை தாங்கியது.

சிறுவர்க்கும் இத்தகைய துணையை அவர் நாடினார். செஞ்சிலுவைச் சங்கத்தை அமெரிக்காவில் நிறுவிய கிளாரா பார்ட்டன் அம்மையார் பிறந்ததும் அவ்வாக்ஸ்போர்டு ஊரின் ஒரு பகுதியிலேயே. அவ்வம்மையார் பிறந்த மனையை அடுத்து, 1932ஆம் ஆண்டு, நீரிழிவுற்ற சிறுமியர்க்குக் கோடைப் பாசறை ஒன்று தொடங்கியது; 1948ஆம் ஆண்டு சிறுவர்க்கும் ஒன்று ஏற்பட்டது. பள்ளியில் தான் ஒருத்தியே ஊசி போட்டுக்கொள்பவள் என நாணியிருந்த சிறுமி, அங்கே எல்லாரும் ஊசி போட்டுக்கொள்வதைக் கண்டு நாணம் நீங்கினாள். கற்பிக்கும் தாதியரும் குழந்தைகளுடன் உண்டு, விளையாடி, அவர் வாழ்வை அறிந்தனர்.

தம் ஊரையும் அவர் மறந்தாரில்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் அரசாங்கப் பொதுச் சுகாதாரத் துறையார் ஆக்ஸ்போர்டு மக்களைச் சோதித்தனர். 3,516 பேரைச் சோதித்ததில் 70 பேர் நீரிழிவாளராய்க் காணப்பட்டனர். அவருள் 40 பேரே தம் நோயை முன்னரே அறிந்தவர். எஞ்சிய 30 பேரும் அதனை அறியாதே உலவி வந்தனர். அறியாத நோய்க்கு அஞ்சுவார் யார்? கற்பித்தலின் இன்றியமையாமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பெரியோர் வரலாற்றை எழுதுங்கால் குறையை மறைத்தல் முறையன்று. ஜாஸ்லின் மிகக் கண்டிப்பானவர். உணவில் ஒழுங்கு தவறுதலை ஒழுக்கம் தவறுதல் போலவே கருதும் இயல்பு அவர்பால் இருந்தது. அதனால், நோய் முற்றியோர் சிலர், தம் துன்பத்திற்குத் தாமே குற்றவாளிகள் என எண்ணி உள்ளம் நொந்தனர். மேலும், 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில், குருதிச் சருக்கரையை இவ்வளவு இறுக்கிக் கட்ட வேண்டுவதில்லை, நோயாளி விரும்பியதை உண்ணலாம் என மருத்துவர் சிலர் வாதித்தனர். ஜாஸ்லின் அதற்கு உடன்படவில்லை. எனினும், ஐயமற மெய்ப்பிக்கத்தக்க சான்று அவரிடத்தும் இல்லை, எதிர்த்தோரிடத்தும் இல்லை. பேரேட்டையும், தாம் கண்ட கண்களையும், கால்களையும், சிறுநீரகங்களையுமே அவர் நம்பினார்.

அவ்வழக்கு தீருமுன், 1962ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், தம் 92ஆம் வயதில் அவர் காலமானார். முப்பத்தோராண்டு கழித்து, 1993ஆம் ஆண்டில், தீர்ப்புக் கிடைத்தது. அமெரிக்காவிலும் கானடாவிலும் 1,441 நோயாளிகளைக் கொண்டு நடந்த நெடிய ஆராய்ச்சி, சருக்கரையை நன்கு கட்டுப்படுத்துவதால் கண்ணோய் 76 விழுக்காடும், நரம்புக் கேடு 60 விழுக்காடும், சிறுநீரகக் கேடு 50 விழுக்காடும் குறையும் எனக் காட்டிற்று. பல்லாண்டு நீண்ட அவ்வாராய்ச்சியில் 99 விழுக்காட்டினர் இறுதிவரை நிலைத்து நின்றனர். அங்ஙனம் நிற்கச் செய்தவர் யார்? அடிக்கடி கண்டும், தொலைபேசியில் உசாவியும் உடன்நின்ற தாதியரும் உணவு வகுப்போருமே. ஜாஸ்லினின் கொள்கை வென்றது. ஆனால், அக்கொள்கையை வெல்வித்தது கண்டிப்பன்று, இடைவிடாத துணையே என்பதனை நாம் மறத்தல் ஆகாது.

அவர் ஊன்றிய வித்து இன்று மரமாயிற்று. அமெரிக்காவில் நீரிழிவு பற்றிக் கற்பிப்போர் 1973ஆம் ஆண்டு தமக்கெனச் சங்கம் ஒன்று கண்டனர். தாதியர், உணவு வகுப்போர், மருந்தாளர் முதலியோர் ஒன்று கூடித் தம் அறிவையும் துயரையும் பகிர்ந்துகொள்ளும் இடமாக அஃது இருந்து வருகின்றது. 2020ஆம் ஆண்டில் அது நீரிழிவுப் பராமரிப்பு, கல்வி வல்லுநர் சங்கம் எனப் புதுப்பெயர் பூண்டது. வீடு வீடாய் அலைந்த அத்தாதியரே இவர்க்கெல்லாம் முன்னோர்.

கல்லூரித் தோழர்காள்! நம்முள் சிலர் மருத்துவராவர், சிலர் தாதியராவர், பலர் ஆசிரியராவர். தமிழ் பயிலும் எம்மனோர்க்கு நீரிழிவு மருத்துவரின் வரலாறு எற்றுக்கு என வினவுவாரும் உளர். கற்பித்தலும் ஓர் உயிர்காக்கும் தொழில் என்பதனையும், அதனைத் தனியே செய்வோன் விரைவில் தளர்வான் என்பதனையும் இவ்வரலாறு எமக்கு அறிவுறுத்தியது. நம் வீடுகளிலும் இந்நோயாற் பத்தியம் காக்கும் முதியோர் பலர் உளர். அவர்களிடம் சினந்து விலக்குவதைவிட, அருகிருந்து பொறுமையுடன் விளக்கிச் சொல்லுதல் அவர்க்கு மருந்தினும் சிறந்த மருந்தாகும். வள்ளுவனார் கூறிய நான்காம் உறுப்பாக விளங்கும் பேறு நம் ஒவ்வொருவர்க்கும் எட்டுவதே.