மற்போர் மாமன்னர் காமா பயில்வான்

உடல் வலிமை பிறப்பிலேயே வாய்க்கும் பேறு என்று கருதுவோர் உளர். அது முறைப்படுத்தப்பட்ட உழைப்பின் விளைச்சலே என்பதற்கு ஒருவரது வாழ்வு சான்றாகத் திகழ்கிறது. அவரே, காமா பயில்வான் என உலகறிந்த குலாம் முகம்மது ஆவார்.

அமிர்தசரஸ் பகுதியில், மற்போரையே மரபாகக் கொண்ட முஸ்லிம் குடும்பத்தில் 1878-ஆம் ஆண்டு பிறந்தார் காமா. மல்லராகிய தந்தையைச் சிறு வயதிலேயே இழந்த அவரைத் தாய்வழிப் பாட்டனாரும், பின்னர் மாமன் ஈடா பயில்வானும் ஆளாக்கினர். 1888-இல் ஜோத்பூர் மன்னர் நடத்திய பஸ்கிப் போட்டியில் நானூறுக்கும் மேற்பட்ட மல்லர் கலந்துகொண்டனர். இறுதிவரை நின்ற பதினைவருள் பத்து வயதுச் சிறுவர் காமாவும் ஒருவர். வயதினை எண்ணி, மன்னர் அவரையே வெற்றியாளராக அறிவித்தார். அதன்பின் ததியா அரசர் அவரைப் புரந்தார்.

காமாவின் பயிற்சியை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். வளர்ந்த பருவத்தில் அவர் நாள்தோறும் மூவாயிரம் தண்டாலும் ஐயாயிரம் பஸ்கியும் செய்ததாக அவர்தம் வரலாறு கூறுகிறது. கோதாவில் சக மல்லர் பலருடன் ஒருவர்பின் ஒருவராகப் பொருதுவதும் அன்றாடப் பணியாயிற்று. பால், நெய், பாதாம், இறைச்சி ஆகியன அவருக்கு ஊட்டமாயின.

இவ்வெண்களைக் கண்டு மலைப்பதைவிட, இவற்றின் உள்ளிருக்கும் முறையை உணர்வதே அறிவுடைமை. பத்து வயதில் நூற்றுக்கணக்கில் இருந்த பஸ்கி, ஆண்டுகள் பல கடந்தே ஆயிரக்கணக்கில் உயர்ந்தது. தசையானது பழகிய சுமைக்கு அசையாது. சுமை சிறிது கூடும்போதே அது வளரத் தலைப்படும். பன்முறை செய்யும் தண்டாலும் பஸ்கியும் களைப்பைத் தாங்கும் ஆற்றலைப் பெருக்கும். எதிராளியின் எடையைத் தூக்கிப் புரட்டும் மற்போரோ தசைக்குத் திண்மை தரும். பயிற்சி தசையைத் தூண்டுகிறது. உணவும் உறக்கமும் அதனை வளர்க்கின்றன. மூன்றனுள் ஒன்று குறையினும் பயன் குறையும்.

இம்முறையின் பயனை 1910-இல் இலண்டன் கண்டது. ஆறடி உயரமும் இல்லாத காமா, அங்கு அமெரிக்க மல்லர் ரோலரை எளிதில் வீழ்த்தினார். செப்டம்பர் 10-ஆம் நாள், தம்மினும் எடை மிகுந்த போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவுடன் மோதினார். வீழ்வதற்கு அஞ்சிய ஸ்பிஸ்கோ பெரும்பொழுது தரையோடு தரையாகப் படிந்து கிடந்தார். இரண்டரை மணி நேரம் கடந்தும் முடிவு காணாத அப்போட்டியில், இறுதிவரை தாக்கியவர் காமாவே. ஒரு வாரம் கழித்து நடைபெறவிருந்த மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவில்லை. வெற்றிப்பட்டம் காமாவுக்கே உரியதாயிற்று. தாயகம் மீண்டபின், ஏழடியை நெருங்கிய ரஹீம் பக்ஷையும் வென்று ருஸ்தமே ஹிந்த் ஆனார்.

பதினெட்டு ஆண்டுகள் உருண்டோடின. 1928-இல் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோ மீண்டும் எதிர்நின்றார். ஐம்பதை நெருங்கிய காமா ஒரு நிமிடத்துக்குள் அவரை வீழ்த்தினார். இளமையில் தொடங்கிய ஒழுங்கு இடையறாது தொடர்ந்ததாலன்றோ இது இயன்றது!

நாட்டுப் பிரிவினைக்குப்பின் லாகூரில் வாழ்ந்த காமா, 1960 மே 23-ஆம் நாள் இயற்கை எய்தினார். இறுதி ஆண்டுகளில் நோய் அவரை வாட்டியது. எத்துணை வலிய உடலும் ஒருநாள் தளரும் என்பதை அவ்வாழ்வும் மறைக்கவில்லை.

இன்று சில திங்களிலேயே பெருந்தோள் வேண்டி, ஊக்க ஊசியையும் மாத்திரையையும் நாடும் இளைஞரைக் காண்கிறோம். அவை தோளைப் பெருக்கினாலும் இதயத்தையும் ஈரலையும் கெடுக்க வல்லவை. காமாவின் ஆயிரங்களை முதல்நாளே முயல்வதும் கேடே. இன்று இருபது பஸ்கி, அடுத்த வாரம் இருபத்தைந்து. இடையே ஓய்வு, வேளைக்கு உணவு, நிறைந்த உறக்கம் என மாணவச் செல்வங்கள் தொடங்குவார்களாக. சிறு வயதில் காமா தொடங்கியதும் இவ்வாறு, தம்மால் இயன்ற அளவிலிருந்தே அன்றோ!