முகத்தாற் பேசிய லான் சேனி

நாவினாற் பேசி மக்களை வயப்படுத்தியவர் உலகிற் பலர். ஒரு சொல்லும் வழங்காது, முகத்தாலும் உடலாலும் மட்டுமே பேசிப் பல்லாயிரவரை அஞ்சவும் அழவும் செய்தவர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்க நாட்டு மௌனப்பட நடிகராகிய லான் சேனி என்பார். ஆயிரம் முகம் படைத்த மனிதர் என்று மக்கள் அவரை அழைத்தனர். அம்முகங்களின் வாயிலாக அவர் பேசிய மொழியை எங்குக் கற்றார் என்பதையே யாம் ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

சேனி 1883ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் நாள், கொலராடோ மாகாணத்திலுள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் முடிதிருத்துந் தொழிலினர். தந்தை, தாய் இருவரும் செவிப்புலன் இல்லாதவர். தாயாரைப் பெற்ற பாட்டனார், அம்மாகாணத்திற் செவி கேளாதார்க்கென 1874ஆம் ஆண்டில் ஒரு பள்ளி தோன்றுதற்குக் காரணராயிருந்தவர்.

நம் இல்லங்களிற் குழந்தை அழுதால், அடுக்களையிலிருக்கும் தாய் ஓசை கேட்டு ஓடிவருவாள். அவ்வில்லத்திலோ அழுகையின் ஓசை தாய்க்கு எட்டாது; அழும் முகத்தை அவள் கண்ணாற் காணவேண்டும். ஆதலின், பசியையும் நோவையும் மகிழ்ச்சியையும் முகத்தில் எழுதிக் காட்டும் வழக்கம் அம்மகனுக்குத் தொட்டிற் பருவத்திலேயே அமைந்தது. சில ஆண்டுகளில் தாயார் வாதநோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்தார். சிறுவன் பள்ளியை விட்டு நின்று அவருக்குப் பணிவிடை செய்தான். வெளியிற் கண்டவற்றையெல்லாம், கண்டவர் நடையையும் சினத்தையும் சிரிப்பையும், கட்டிலருகே நின்று நடித்துக் காட்டுவான். அந்நோயாளியே அவனுடைய முதல் அவையோர். அவர் கண்கள் மலர்ந்தால் நடிப்பு விளங்கிற்று. மலராவிடின் மீண்டும் நடிக்கவேண்டும். இதனினும் கடுமையான நடிப்புப் பள்ளியை யாம் அறியோம்.

பின்னர் அவ்வூர் நாடக அரங்கிற் சிறு பணிகள் செய்து, மேடையேறி, ஊர்தோறுஞ் செல்லும் குழுக்களில் ஆடியும் நகைச்சுவை நடித்தும் காலங் கழித்தார். 1913ஆம் ஆண்டில் அவர் இல்வாழ்க்கையிற் பெருந்துயர் ஒன்று நேர்ந்து, மணவாழ்வு முறிந்தது. மேடைத் தொழிலும் கைவிட்டுப் போகவே, படநிலையத்தை நாடினார். ஆங்கு நாடோறும் சிறு வேடங்களே கிடைத்தன. ஆயினும் சீனர், கடற்கொள்ளைக்காரர், கிழவர் என எவ்வேடம் வேண்டப்பட்டதோ அவ்வேடத்தைத் தம் ஒப்பனைப் பெட்டியைக்கொண்டு தாமே புனைந்துகொள்ளக் கற்றார்.

1919ஆம் ஆண்டில் வெளிவந்த 'மிராக்கிள் மேன்' என்னும் படம் அவரை உயர்த்திற்று. அதில் அவர் ஏற்றது, முடவனாக நடித்துப் பொருள் பறிக்கும் வஞ்சகன் வேடம். முறுக்குண்ட உறுப்புக்கள் ஒவ்வொன்றாக நிமிர, மக்கள் கண்முன்னே அவன் எழுந்து நிற்கும் காட்சி பெரும் புகழ் பெற்றது. மறு ஆண்டில் வந்த 'பெனால்டி'யில் இரு காலும் இழந்தவனாகத் தோன்றுதற்பொருட்டுத் தம் கால்களை முழங்காலளவில் மடித்துப் பின்னே கட்டி, தோலுறைகளில் முழங்காலை ஊன்றி நடந்தார். நெடுநேரம் தாங்கவொண்ணாத நோவு அது.

1923ஆம் ஆண்டில், விக்டர் ஹியூகோவின் கதையைத் தழுவிய படத்தில் நோட்ர டாம் தேவாலயத்து மணியடிக்கும் கூனனாக வந்தார். அக்கூனன், மணியோசையாற் செவிப்புலன் இழந்தவன் என்பதை நாம் மறத்தலாகாது. செவி கேளாத பெற்றோரின் மகன், செவி கேளாதவனாக நடித்தார். உலகம் எள்ளி நகைத்த ஓருருவத்தினுள், தண்ணீர் கொடுத்த ஒரு பெண்ணுக்காக உயிரையும் ஈயவல்ல நெஞ்சம் இருந்ததென்று காட்டினார். 1925ஆம் ஆண்டின் 'பாண்டம் ஆப் தி ஆப்பரா'வில் முகமூடி நீங்கும்போது வெளிப்படும் மண்டையோட்டு முகம் இன்றும் காண்பாரை நடுங்கச் செய்வது. ஆயினும், அம்முகத்தைக் கண்டதனால் அப்பெண் அடையும் அச்சத்தினும், காணப்பட்டதனால் அவன் அடையும் வேதனையே எம் மனத்தில் நெடிது நிற்கின்றது.

அவர் புகழெல்லாம் ஒப்பனையால் வந்ததே என்று கூறுவாரும் உளர். ஒப்பனைக் கலையில் அவர் பேரறிஞர் என்பது உண்மையே. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 1929ஆம் ஆண்டுப் பதிப்பில் அதுபற்றிய கட்டுரை அவர் பெயரால் வெளிவந்தது. ஆனால் 1926ஆம் ஆண்டுப் படமொன்றில் கடற்படை வீரர்களைப் பயிற்றும் சார்ஜெண்டாக, எவ்வகை உருமாற்றமும் இன்றித் தம் சொந்த முகத்துடனேயே தோன்றிப் பெரும்புகழ் எய்தினார். 1927ஆம் ஆண்டின் 'அன்நோன்' இதற்கு மற்றொரு சான்று. ஆடவர் கைபட அஞ்சும் ஒருத்தியை மணக்க வேண்டித் தன் இரு கைகளையும் வெட்டுவித்துக்கொண்டு திரும்புகின்றான் ஒருவன். அவளோ இதற்குள் அச்சந் தீர்ந்து வேறொருவனைக் காதலிக்கின்றாள். அதனை அறியும் கணத்தில் அவன் சிரிக்கின்றான். அச்சிரிப்பே மெல்லமெல்லக் கதறலாகின்றது. கதை இயற்கைக்கு ஒவ்வாதது என்பதை யாமும் ஒப்புகின்றோம். அம்முகமோ பொய் சொல்லவில்லை.

பேசும்படம் வந்தபின் அவர் சில காலம் தயங்கினார். முடிவில் 1930ஆம் ஆண்டில், முன்னர்த் தாம் மௌனமாக நடித்த 'அன்ஹோலி த்ரீ' கதையிலேயே மீண்டும் தோன்றி, கிழவி, கிளி, மரப்பாவை முதலிய பல குரல்களிற் பேசினார். அவையனைத்தும் தம் குரல்களே என உறுதிப்பத்திரமும் அளித்தார். ஆயினும் புற்றுநோய் அவரை விடவில்லை. ஆயிரம் முகத்தோடு ஆயிரம் குரலும் படைத்தவர் என உலகம் வியக்கத் தொடங்கிய அவ்வேளையிலேயே அவர் பேச்சிழந்தார். இறுதி நாட்களிற் சூழ நின்றாரோடு, தாயிடம் பேசிய அப்பழைய கைம்மொழியாலேயே பேசினார் என்பர். 1930ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், தம் 47ஆம் அகவையில், அவர் காலமானார். அவர் நடித்த பேசும்படம் அஃதொன்றே.

அவர் நடித்த படங்களிற் பெரும்பாலானவை அழிந்தன. 'மிராக்கிள் மேன்' படத்திற் சில நிமிடங்களே எஞ்சியுள்ளன. எஞ்சியவற்றைக் காணும் வாய்ப்பு நம் மாணவர்க்குக் கிட்டுமாயின், அஞ்சத்தக்க உருவங்களைக் காணும் ஆவலோடு மட்டும் அவற்றை அணுகவேண்டாவென வேண்டுகின்றோம். ஊனமுற்றோரையும் ஒதுக்கப்பட்டோரையும் உலகம் நகைப்புக்குரியவராகக் கருதிய காலத்தில், அவரும் காதலிப்பர், நாணுவர், நோவர் என்று வெண்திரையிற் காட்டினவர் சேனி. பிறர் அதனை நூல்களிற் படித்தறிதல் கூடும். சேனி அறிந்தது தம் தாயின் கட்டிலருகே.