கப்பலில் ஒளிந்து வந்தவர்!

சென்னை அண்ணா சாலையில் உள்ள ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையைப் பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்? அதைத் தொடங்கியவர், ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் என்ற ஆங்கிலேயர்.

டிக்கெட் வாங்காமல் கப்பலில் ஒளிந்து வந்தாராம் இவர். விஷயம் தெரிந்த கேப்டன், சென்னையில் இறக்கிவிட்டார் என்று சொல்வர். அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையைவிட்டுத் தள்ளி, கடலிலேயே நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகில் ஏறி, பெரிய அலைகளைத் தாண்டித்தான், ராயபுரத்துக்குத் தெற்கே உள்ள கடற்கரையை அடைய வேண்டும்.

பிழைக்க வழி தேடியவருக்கு, வெஸ்லியன் பாதிரிமார் நடத்திய புத்தகக் கடையில் வேலை கிடைத்தது. மத நூல்கள் விற்ற அந்தக் கடை நஷ்டத்தில் ஓடியது. எனவே, அதை விற்க முடிவு செய்தனர். 1844ல், வேலை பார்த்த கடையை ஹிக்கின்பாதமே வாங்கிவிட்டார்!

பலவகைப் புத்தகங்களையும் விற்றார். சொந்தமாகவும் நூல்கள் வெளியிட்டார். கடை வளர்ந்தது. 1875ல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு, அதிகாரப்பூர்வ புத்தக விற்பனையாளர் ஆனார். பிறகு, சென்னை நகர ஷெரீப் என்ற கவுரவப் பதவியும் தேடி வந்தது.

1891ல் அவர் மறைந்தபின், மகன் கடையை நடத்தினார். இப்போதுள்ள அழகிய கட்டடத்துக்கு, 1904ல் கடை மாறியது. நாட்டின் மிகப் பழமையான புத்தகக் கடை என்ற பெருமை இதற்கு உண்டு.

நஷ்டக் கடை என்று பயந்து ஒதுங்கியிருந்தால், இந்தப் பெருமை கிடைத்திருக்குமா குட்டீஸ்?