மனு போட்டு அலுத்தார்கள், வில்லை எடுத்தார்கள்! ஜெயிலில் செத்த பிர்சா முண்டா கதை

1900–ம் ஆண்டு ஜூன் 9–ந் தேதி. ராஞ்சி ஜெயிலில் ஒரு விசாரணைக் கைதி இறந்துபோனார். 25 வயதுகூட ஆகவில்லை. காலரா என்றது வெள்ளைக்கார சர்க்கார். விஷம் வைத்து விட்டார்கள் என்றது ஊர்.

அவர் பெயர் பிர்சா முண்டா. இன்றைய ஜார்கண்டில் உள்ள உலிகாத்து கிராமத்தில் 1875–ல் பிறந்தவர். தகப்பனார் சுகானா, பிழைப்பு தேடி ஊர் ஊராக அலைந்த ஏழை.

முண்டாக்கள் காடு வெட்டிக் கழனி ஆக்கியவர்கள். வெட்டிய குடும்பங்களுக்கே நிலம் சொந்தம், அது அவர்கள் வழக்கம். வெள்ளைக்காரன் ஆட்சியில் ஜமீன்தாரும், குத்தகைக்காரரும், வட்டிக்காரரும் வெளியிலிருந்து வந்து நுழைந்தார்கள். காகிதம் அவர்கள் கையில். கோர்ட்டும் காகிதத்தைத்தான் பார்த்தது. சொந்த நிலத்துக்கே வாடகை! போதாததற்கு கூலி இல்லாத வெட்டி வேலை வேறு.

எடுத்த எடுப்பில் யாரும் ஆயுதம் தூக்கவில்லை. சர்தார்கள் என்ற முண்டா பெரியவர்கள் வருஷக்கணக்கில் மனு போட்டார்கள். ஜனங்களிடம் காசு வசூலித்து வக்கீல் வைத்தார்கள். பாதிரிமார் உதவுவார்கள் என்று நம்பி மதம் மாறியவர்களும் உண்டு. நிலம் மட்டும் திரும்பவில்லை.

2 வருஷம் ஜெயில்

பிர்சாவும் மிஷன் பள்ளியில் படித்தவர்தான். பிறகு அதை விட்டு விலகினார். 1895–ல் வாடகை கட்டாதே என்றார். ஜனங்கள் அவரைக் கடவுளாகவே கும்பிட்டார்கள். போலீசார் பிடித்துப் போனார்கள். 2 வருஷம் தண்டனை. வெளியே வந்தவர் மனுவை நம்பவில்லை. காட்டுக்குள் ராத்திரிக் கூட்டம் போட்டார்.

1899 டிசம்பர் 24–ந் தேதி இரவு அம்புகள் பறந்தன. சர்ச்சுகள் மீதும் பாய்ந்தன. சில நாளில் குந்தி போலீஸ் ஸ்டேஷன் தாக்கப்பட்டு ஒரு போலீஸ்காரர் பலியானார். அவரும் சம்பளத்துக்கு வந்தவர்தான், பாவம்.

ஜனவரி 9. சைல் ரகப் மலையில் கூடியிருந்தவர்களை பட்டாளம் சுட்டது. பெண்களும் செத்தார்கள்.

500 ரூபாய் பரிசு

பிர்சா தலைக்கு 500 ரூபாய் பரிசு அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் பெரிய பணம். பிப்ரவரி 3–ந் தேதி காட்டில் பிடிபட்டார். 4 மாதத்தில் பிணம்.

அவர் செத்து 8 வருஷம் கழித்து, 1908–ல், சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. முண்டாக்களின் பழைய நில உரிமையை சர்க்கார் எழுத்தில் ஒப்புக்கொண்டது. சர்தார்கள் மனுவில் கேட்டுக்கேட்டு அலுத்த அதே உரிமைதான்.

பிர்சா உயிர்விட்ட அந்த ஜெயில் இப்போது மியூசியம்.